காலண்டர் தாளின் பின்பக்கம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசகர் வட்டம் கூடும். வட்டம் என்று பெயர்தான். நாங்கள் உட்கார்வது ஒரு நீள மேஜையின் இரண்டு பக்கமும். மொத்தம் ஒன்பது பேர். அதில் பேசுகிறவர்கள் மூன்று பேர், மூவரும் ஆண்கள். அவர்களில் ஒருவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், அதைவிட நல்ல புத்தகம் ஒன்றை முப்பது வருடத்துக்கு முன்பே படித்துவிட்டதாகச் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவோம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிற எனக்கு அந்த மேஜையில் வாய் திறக்காது. வீட்டுக்கு வந்து கத்திரிக்காய் நறுக்கும்போதுதான், அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலெல்லாம் வரிசையாக வரும். முதல் வருடம் முழுக்க அப்படியே போனது.

நூலகர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு ஒரு பிரதிதான் உண்டு. அதனால் அந்த மாதத்துப் புத்தகம் எங்களுக்குள் ஒரு வரிசைப்படி கைமாறும், ஆளுக்கு மூன்று நாள். வரிசையில் நான் ஏழாவது. கடைசி ஆள் நூலகர். கூட்டத்தில் பேச வராதவர்கள் புத்தகத்துக்குள்ளேயே பேசட்டும் என்று அவர் ஒரு ஏற்பாடு செய்தார். நூலகச் சுவரிலிருந்து கிழித்த பழைய தினசரிக் காலண்டர் தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். அதிலிருந்து ஆளுக்குப் பத்துத் தாள் கொடுத்தார். முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் இருக்கும், பின்பக்கம் வெள்ளை. படிக்கும்போது மனதில் பட்டதைப் பின்பக்கத்தில் எழுதி அந்தப் பக்கத்திலேயே செருகிவிட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது. கூட்டத்தன்று நூலகர் பக்க வரிசைப்படி சீட்டுகளை வாசிப்பார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வட்டத்துக்கு உயிர் வந்தது. ஒருமுறை என் சீட்டை வாசித்தபோது வங்கிக்காரர், "இது யாரோ விஷயம் தெரிஞ்சவர் எழுதுனது" என்று மேஜையின் ஆண்கள் பக்கத்தைப் பார்த்துச் சொன்னார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். அன்று வீடு வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வரிசையில் எனக்கு அடுத்தவள் ஒரு சின்னப் பெண். சின்னப் பெண் என்று நான் சொல்வதுதான். முப்பது வயது, எங்கள் பள்ளியில் மூன்றாவது படிக்கிற மகள். கணவர் தக்காளியும் சாமந்தியும் போடுகிற விவசாயி. கடைவீதியில் என் கணவர் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவள் கணவர் அங்கே வாடிக்கை. என் கணவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். மகளுக்குப் படப் புத்தகம் எடுக்க வந்தவள் நாவல் அலமாரி முன்னால் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, வட்டத்துக்கு அவளை இழுத்து வந்தது நான். அவள் வீட்டில் பேசி அனுமதி வாங்கியதும் நான்தான். கணவர் பத்து மணிக்கு வண்டியில் கொண்டுவந்து விடுவார், பன்னிரண்டுக்கு வந்து கூட்டிப்போவார்.

"அக்கா, மாசத்துல இந்த ரெண்டு மணி நேரந்தாங்க என்னை யாரும் 'ஏய், எங்க இருக்கற'ன்னு கூப்பிடறதில்ல" என்று ஒருமுறை சொன்னாள். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை.

அவளும் மேஜையில் பேசமாட்டாள். ஆனால் அவள் சீட்டுகள் எனக்குத் தெரியும். ஒரு பெரிய குடும்ப நாவலுக்கு, "இந்தப் பெண் முந்நூறு பக்கமாகச் சமைக்கிறாள். அவள் சாப்பிட்டாளா என்று எங்கும் எழுதவில்லை" என்று ஒரு சீட்டு வந்தது. நூலகர் வாசித்து முடித்ததும் வங்கிக்காரருக்கே முப்பது வருடத்துக்கு முந்தைய புத்தகம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் காது சிவந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு மாதம் வந்த புத்தகத்தில் ஒரு பெண் மத்தியான வெயிலில் பேருந்து நிலையத்தில் நிற்கிறாள். கையில் பை. மூன்று பேருந்துகள் வந்து போகின்றன. மூன்றையும் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி உலை வைக்கிறாள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள்மேல் என்று அப்போது நினைத்தேன்.

என் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் கணவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. இதைச் சொன்னால் அப்புறம் என்ன குறை என்று கேட்பார்கள். நானே என்னைக் கேட்டிருக்கிறேன். மகன் சேலத்துக்குப் படிக்கப் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு என்பது சாவி எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டதா, நாளைக்கு ஆள் வருமா என்பதோடு சரி. நான் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பித்தால் அவர் போனை எடுப்பார். பீரோவின் அடித்தட்டில் ஒரு பச்சைப் பை. அதில் இரண்டு புடவையும் என் சான்றிதழ்களும் இருந்தன. அதை எடுத்து எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அது அங்கே இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஆசிரியர்கள் அறையில், மதியச் சாப்பாட்டு வேளையில், பையில் கைக்கு வந்த காலண்டர் தாளை எடுத்து எழுதினேன். "நானும் பை எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற முதல் பேருந்தில் ஏறிவிடுவேன். 'வா' என்று ஒரு வார்த்தை கிடைத்தால் போதும்." எழுதியதும் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. இதை நூலகர் வாசிப்பார், யாரோ எழுதியது என்று எல்லோரும் பேசுவார்கள், நானும் மூன்றாம் ஆளாக உட்கார்ந்து கேட்பேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். மறுநாள் மாலை பள்ளி வாசலில், மகளைக் கூட்டிப்போக வந்தவளிடம் புத்தகத்தைக் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்துப் புத்தகம் நூலகருக்கு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை என்றார். குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தோம்.

ஞாயிறு கூட்டம் தொடங்கி அரை மணி இருக்கும். அவள் கணவர் மட்டும் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, மஞ்சள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன்மேல் என் சீட்டை வைத்தார்.

"இத யாருங்க எழுதுனது?"

நூலகர் எழுந்து நாற்காலி போட்டார். "உக்காருங்க. இது எங்க பழக்கமுங்க. புத்தகத்தப் பத்தி எழுதற சீட்டு. யாரு எழுதுனதுன்னு நாங்க கேட்டுக்கறதில்ல."

"புத்தகத்தப் பத்தின்னா அதுல வர்றவளப் பத்தித்தானுங்க எழுதணும்? 'நான் பை எடுத்து வெச்சிருக்கறேன், நீ வான்னு சொல்லு'ன்னா எழுதுவாங்க? பேரு போடாம எழுதுனா அது மொட்டைக் கடுதாசிங்க." தாளைத் திருப்பிக் காட்டினார். "முகூர்த்த நாளாப் பாத்து எழுதியிருக்குது."

அப்போதுதான் நானும் முன்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. சுபமுகூர்த்தம் என்று சிவப்பில் அச்சடித்திருந்தது.

"தம்பி, அது போன வருசத்துக் காலண்டர்" என்றார் வங்கிக்காரர்.

"தாளு எந்த வருசமா இருந்தா என்னங்க. வார்த்தை இந்த வருசத்துதுதானே."

அவர் சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார். வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்க்கிற, கல்யாணமாகாத ஒருவரிடம் வந்ததும் பார்வை நின்றது. பாவம், அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டார். பிறகு அவள் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, நீங்கதான் அவளுக்குப் புத்தகத்தக் குடுத்தது. உங்க கையில இருக்கும்போது இந்தச் சீட்டு உள்ள இருந்துச்சுங்களா?"

நான் எழுதினேன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அவர் சிரித்துக்கூட இருப்பார், அசடு வழிந்துகொண்டு வண்டியை எடுத்திருப்பார். ஆனால் சாயங்காலம் கடைக்குப் போய் என் கணவரிடம் சொல்லுவார். என் கணவர் கத்தமாட்டார். அந்தச் சீட்டை ஒருமுறை படிப்பார், மடித்து வைப்பார். பிறகு நான் எப்போது வெளியே கிளம்பினாலும் என் கையில் என்ன பை இருக்கிறது என்று பார்ப்பார். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது.

"இல்லீங்க. நான் பாக்கல" என்றேன்.

அவர் என்னை நம்பினார். தலையை ஆட்டினார். "அப்ப உங்களுக்கு அப்புறந்தான் யாரோ அவளுக்குன்னு வெச்சிருக்காங்க" என்றார்.

நான் சொன்ன பொய்யின் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கைக்கு வரும் முன்பு இருந்திருந்தால் அது ஆறு பேரில் யாருடையதோ ஒரு சீட்டு. எனக்குப் பிறகு என்றால் அது அவளுக்கு வந்த கடிதம். மாற்றிச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. அவர் செருப்பை மாட்டி, வண்டியை உதைத்துக் கிளப்பும்வரை இருந்தது. நான் மேஜையில் இருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைப் போல ஒரு கோழையை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை.

அடுத்த மாதம் ஐந்து பேர்தான் வந்தார்கள். வேளாண்மை அலுவலகத்துக்காரர் வரவில்லை. கடைவீதியில் அவரைப் பார்த்து இரண்டு பேர் ஏதோ கேட்டுவிட்டார்களாம். நூலகர் பிஸ்கட் டின்னைக் காலி செய்துவிட்டு அதில் குண்டூசி போட்டு வைத்திருந்தார். வங்கிக்காரர் மட்டும் ஒரு மணி நேரம் பேசினார். யாரும் மறுக்கவில்லை.

பள்ளி வாசலில் குழந்தையைக் கூட்டிப்போக இப்போது அவள் மாமியார் வந்தார். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார், நிற்கமாட்டார். குழந்தையிடம் "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "அம்மாகிட்ட போன் இல்லீங்க மிஸ்" என்றது. நான் கேட்டது அது இல்லை. ஆனால் குழந்தை சரியான பதிலைத்தான் சொன்னது.

அவளைத் திட்டிக்கூடப் பார்த்தேன். படித்த பெண்தானே, புத்தகத்தை ஒழுங்காக ஒரு இடத்தில் வைக்கத் தெரியாதா, சீட்டை எடுத்துத் தனியாக வைத்திருக்கக் கூடாதா என்று மனதுக்குள் சண்டை போட்டேன். தப்பு செய்தவருக்கு அடுத்தவர்மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு நியாயம் எதுவும் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது மாதம் முடிகிற நேரம். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது என் கணவர் தானாகவே பேச்சை எடுத்தார். அது அபூர்வம் என்பதால் நான் குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"உங்க நூலகத்துப் பொண்ணு விசயம் பெருசாயிடுச்சு. ஏரியூர்ல இருந்து அவ அப்பா அம்மா எல்லாம் வந்திருக்கறாங்க. பெரியவங்க நாலு பேரு கோயில்ல உக்காந்து, 'சூடத்த அணைச்சு, இத எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லும்மா, இத்தோட முடிச்சுக்கலாம்'னு சொன்னாங்களாம். மாட்டேன்னுட்டாளாம்."

"ஏன்?"

"ஏன்னா? தெரியும்னுதானே அர்த்தம்." அவர் தட்டை நகர்த்தினார். "கொழம்பு ஊத்து."

அவளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. இரண்டு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அவள் சீட்டைக் கண்டுபிடித்த மாதிரி அவளும் என் சீட்டைக் கண்டுபிடித்து வைத்திருந்திருக்கிறாள். சாமி முன்னால் பொய்ச் சத்தியம் செய்யவும் மாட்டாள், என்னைக் காட்டிக் கொடுக்கவும் மாட்டாள். அழுதேன் என்று எழுதினால் அது என்னை நல்லவளாகக் காட்டும். அழவில்லை, பயந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. சிறப்பு வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காலையில் டவுன் பஸ் ஏறினேன். அவள் ஊர் நிறுத்தத்தில் இறங்கித் தக்காளித் தோட்டங்களுக்கு நடுவில் பத்து நிமிடம் நடக்க வேண்டும். சொல்ல வேண்டியதை நடந்துகொண்டே நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன்.

அவள் கணவர் வாசலில் மருந்து அடிக்கிற கருவியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். "வாங்க அண்ணி. இவ்வளவு தூரம் வூட்டுக்கு வந்திருக்கறீங்க." உள்ளே பார்த்து டீ வைக்கச் சொன்னார். ஆள் இளைத்திருந்தார்.

நான் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். "அந்தச் சீட்ட எழுதுனது நான்தாங்க. அன்னிக்கு வாய் வரல. பொய் சொல்லிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கூச்சத்தோடு சிரித்தார்.

"நீங்களுமாங்க அண்ணி? போன வாரம் அவளே வந்து 'நான்தான் எழுதுனேன், விட்டுருங்க'ங்கறா. அவ எழுத்து எனக்குத் தெரியாதுங்களா? பை எங்கடின்னா, அதுக்குப் பதில் இல்ல. எல்லாரும் யாரோ ஒருத்தனக் காப்பாத்தறீங்க."

"இல்லீங்க. நெசமாவே நான்தான்."

அவள் டீ கொண்டுவந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. டம்ளரை என் பக்கத்தில் திண்ணைமேல் வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றாள். அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று தெரிந்தது. கூனியிருந்த அவள் தோள் நிமிர்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

அவர் உள்ளே போய்ச் சீட்டை எடுத்துவந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. இதே வார்த்தைய எழுதிக் காட்டிருங்க. என் மனசு ஆறிடும். ரெண்டையும் கொண்டுபோய் அண்ணன்கிட்டயும் காட்டிடறேன். அவருக்கு உங்க எழுத்துத் தெரியுமில்லீங்களா. அவரு ஆமான்னுட்டார்னா எங்க பெரியவங்களும் அடங்கிருவாங்க. இவளும் பழையபடி நூலகத்துக்கு வரட்டும், நானே கொண்டாந்து விடறேன்."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நானும் அதற்காகத்தான் வந்திருந்தேன்.

பள்ளிக்கூட வாத்தியார்கள் நிறையப் பேரைப் போல எனக்கு இரண்டு கையெழுத்து உண்டு. எனக்காக எழுதும்போது சாய்ந்து ஓடுகிற ஒன்று. மளிகைச் சீட்டில் இருபது வருடமாக என் கணவர் பார்ப்பது அதைத்தான். அந்தக் காலண்டர் தாளிலும் அதுதான். பிள்ளைகளின் டைரியில் எழுதும்போது உருட்டி உருட்டி, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதுகிற இன்னொன்று. பேனாவைத் திறந்து தாளில் வைக்கும்வரை அந்தச் சாய்ந்த எழுத்தில்தான் எழுதப்போகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். "நானும்" என்று எழுதிவிட்டுப் பார்த்தேன். உருண்டையாக இருந்தது. நிறுத்தி இருக்கலாம். நிறுத்தவில்லை. கடைசிச் சொல் வரைக்கும் அப்படியே, தேர்வுத்தாளில் எழுதுகிற பிள்ளை மாதிரி அழகாக எழுதி முடித்தேன்.

அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். பெருமூச்சு விட்டு என் தாளை நாலாக மடித்தார்.

"இல்லீங்க அண்ணி. உங்க நல்ல மனசு, வந்தீங்க. அவளுக்கோசரம் நீங்க பழி ஏத்துக்க வேண்டாம்" என்றார்.

நான் நிலைப்படிப் பக்கம் பார்த்தேன். நான் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் அங்கிருந்தே அவள் பார்த்திருந்தாள்.

"டீ ஆறுதுங்க அக்கா. குடிங்க" என்றாள்.

குடித்தேன்.